கிளட்ச் கவரில் ஓட்டை

செவ்வாய், ஆகஸ்டு 5

விடியலிலிருந்து மழை. பைக்கின் எண்ணெயை வடித்தேன். பால் கலந்த தே தாரிக் தேநீர் நிறத்தில் வந்தது. ரேடியேட்டர் தண்ணீர் கிளட்சுக்குள் இறங்குகிறது. தண்ணீர் பம்பு இருப்பது கிளட்ச் கவருக்குள். கவரின் உள்பக்கம் முழுக்க வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. புதுக் கவர் என் ஒரு மாதப் பென்ஷனுக்கு மேல். அந்தப் பேச்சே வேண்டாம்.

ஞாயிறு டிரையல்ஸ் போட்டி. பழைய கித்தாத் தோட்டத்து ஆற்றுப் பாறைகள், ரப்பர் மரங்களுக்கு நடுவே. சீட்டில்லாத பைக்கில் நின்றபடியே ஏற வேண்டும். கால் ஊன்றினால் ஒரு புள்ளி தண்டனை.

அறுபது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் மூன்று பேராவது புறப்பட வேண்டும். இல்லையென்றால் பிரிவே கிடையாது. இருப்பதே மூன்று பேர். சித்தியவான் ஊர்க்காரன் லிம், கோலா கங்சாரில் வாத்தியாராக இருந்த சிக்கு ரஹ்மான், நான்.

போன வருடம் நான் பாறையில் விழுந்ததும் கிளப் செயலாளர் செல்வம் எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தான். புள்ளி போடும் அட்டையைக் கையில் திணித்தான். "அண்ணே, இனிமே யாரு கால ஊனுறான்னு பாத்துக்கிட்டு இருங்க, போதும்லா." மறக்கவில்லை.

புதன், 6

வெள்ளைப் பொடியைச் சுரண்டினேன். அசையவில்லை. குளியலறைக்குப் பின்னால் ஒரு போத்தல் அசிட் கிடந்தது. கித்தாப் பாலை உறைய வைக்கிற அசிட், மச்சினன் கொடுத்தது. தோட்டத்தில் சைக்கிள் துருவிலிருந்து கக்கூஸ் கறை வரை இதில்தான் கழுவுவோம். வாளியில் தண்ணீரோடு கலந்து கவரை முக்கினேன். நுரைத்தது. அழுக்கு கிளம்புகிறது என்று பசியாறப் போனேன். தோசை. சட்னியில் உப்பு இல்லை.

பார்வதி பின்பக்கம் போய்விட்டு வந்தாள். "ஏங்க, வாளி கொதிக்குது."

"வேலை செய்யுது."

"அடுப்பு இல்லாம கொதிக்கிறது எனக்கு என்னமோ சரியாப் படல."

இரண்டு தோசை கழித்துப் போய் எடுத்தேன். பம்பு பக்கம் வெளிச்சம் தெரிந்தது. விரலால் தொட்டேன். பொடிந்தது. சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை.

மதியம் சாப்பிடவில்லை.

வியாழன், 7

மெங்லெம்பு வரை போனேன். வெல்டிங் கடை ஜோசப் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எதுல முக்குனீங்கண்ணே?"

"எதுலயும் இல்ல. சாமானே மட்டம்."

மோந்து பார்த்தான். "எங்கப்பா கித்தா ஸ்டோர்ல வேலை செஞ்சவரு. வீட்டுக்கு வந்தா இந்த வாசம்தான் அடிக்கும்."

நான் ரோட்டைப் பார்த்தேன்.

"அண்ணே, இது அலுமினியம் இல்ல. மெக்னீசியம். அசிட் பட்டா தின்னுரும். நான் நெருப்பு வச்சா கடையும் சேந்து எரியும். வேணும்னா பசை போட்டுப் பாருங்க."

வாங்கியது: இரட்டைக் குழாய்ப் பசை, உப்புத்தாள், கிளட்ச் எண்ணெய், பா.வுக்கு பிரஷர் மாத்திரை. பிஸ்கட் டின்னில் தகரம் வெட்டி ஓட்டையின் மேல் வைத்துப் பசை பூசினேன்.

சாயங்காலம் லிம் போன். புது டயர் போட்டுவிட்டானாம். சிக்கு தினமும் ஆற்றங்கரையில் பழகுகிறாராம். நீ வருகிறாய்தானே என்று மலாயில் கேட்டான். வருகிறேன் என்றேன்.

வெள்ளி, 8

பசை கல் போல் காய்ந்துவிட்டது. கவரை மாட்டி ஓட்டினேன். என்ஜின் குளிர்ந்திருக்கும்வரை ஒன்றுமில்லை. சூடு ஏறியதும் எண்ணெய் மறுபடி வெளுத்தது. கழற்றினேன். மறுபடி பசை. பக்கத்து வீட்டுச் சேவல் நாள் முழுக்கக் கத்துகிறது.

சனி, 9

ஒன்றும் செய்யவில்லை. செய்ய ஒன்றுமில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து பைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பா.: "வரலன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போச்சு."

"நான் வரலன்னா அவங்க ரெண்டு பேரும் ஓட்ட முடியாது."

"அசிட் ஊத்துறப்ப அவங்க ரெண்டு பேரு ஞாபகம் வரலையா?"

இவளோடு பேசிப் பயனில்லை. அசிட்டில் தப்பு இல்லை. கொஞ்சம் முன்னாலேயே எடுத்திருக்க வேண்டும்.

விதித்தாளை எடுத்துப் படித்தேன். என்ஜின் ஓட, கோட்டைத் தாண்டினால் புறப்பட்டவர். அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. கோடு வரைக்கும் பசை தாங்கினால் போதும்.

ஞாயிறு, 10

நல்ல வெயில். பைக்கைக் கோடு வரை தள்ளிக்கொண்டே போனேன். என் முறை வந்த பிறகுதான் உதைத்தேன். தாண்டினேன். செல்வம் பேரை எழுதியதைக் கண்ணால் பார்த்தேன்.

முதல் பாறை ஏறியது. இரண்டாவதில் கிளட்ச் வழுக்கியது. என்ஜின் கத்துகிறது, சக்கரம் சுற்றவில்லை. பிறகு ஆவி. இறங்கி ஓரமாகத் தள்ளினேன். லிம் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு மேலே போனான். அழகாக ஏறினான்.

செல்வம் நாற்காலியும் அட்டையுமாக வந்து நின்றான். "அண்ணே, ஆள் பத்தல."

நாற்காலி வேண்டாம் என்றேன். அட்டையை வாங்கி நின்றுகொண்டே போட்டேன். கடைசிப் பாறையில் சிக்கு கால் நுனியை லேசாக வைத்து எடுத்தார். என்னைப் பார்த்தார். ஒன்று போட்டேன்.

மூன்றாம் பரிசு என்று ஒரு கப் கொடுத்தார்கள். மூன்று பேரில். செல்வம்தான் பலமாகக் கை தட்டினான்.

வீட்டில் பா. கேட்டாள், "ஜெயிச்சது யாரு?"

"லிம்."

"அப்ப இது?"

குளிக்கப் போய்விட்டேன்.

திங்கள், 11

மழை. கவரைக் கழற்றினேன். பசை ஒரே வில்லையாகத் தகரத்தோடு உரிந்து வந்தது. போல்ட்டுகளைக் கப்பில் போட்டு வைத்திருக்கிறேன். ஒன்று குறைகிறது.