கருவண்டன் தேர்ந்த விடுதி

வேய் அசையும் மலை பன்னிரண்டும் தழைக்க, அருவிகள் வற்றாதிருக்க, ஆநிரை பெருகுக. வேய்மலை நாடாளும் கோமகள், மாவேள் திருமகளார், நறுங்கோதை மாதேவி, முந்நீர்ப்பட்டினத்துச் செக்குத் தெருவிலிருந்து, தலைநகர் காக்கும் பேரமைச்சர் நெடுவேளாதனாருக்கு விடுக்கும் ஓலை. நும் மனையும் மக்களும் நலமாகுக. நும் முழங்கால் வலி தணிக.

நும் ஓலை நேற்று முற்பகல் வந்து சேர்ந்தது. வேய்மலை அரசியை எண்ணெய் ஆட்டுவோர் தெருவில் தங்கவைத்த தூதர் சேந்தங்கீரனாரின் விரலிலிருந்து தூது மோதிரத்தைக் கழற்றி, அவரை ஆடு மேய்க்க அனுப்புக என்று எழுதியிருந்தீர். எழுதிய வேகத்தில் நும் எழுத்தாணி ஓலையை மூன்றிடத்தில் கிழித்திருந்தது. நம் பெருமையின் மேல் நீர் வைத்த அன்பே அந்தச் சினம் என்பதை அறிவோம். ஆயினும் முழுதும் கேட்ட பின்னரே தீர்ப்புச் சொல்வது நம் குல வழக்கம் ஆதலால், தூதர் நம்மிடம் ஒளிக்காமல் சொன்னவற்றைச் சொன்னபடியே எழுதுவிக்கிறோம். அமர்ந்து படிக்க.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் தந்தையார் மாவேள் இதே நகருக்கு உப்பு உடன்படிக்கை பேச வந்தது நும் நினைவில் இருக்கும். உடன்படிக்கை பேசப் போனவர், பேச்சு முடியும்வரை எதிர்த்தரப்பின் கூரையின்கீழ்த் தங்குவதும் உப்பு உண்பதும் ஆகாது என்பது நம் மலை வழக்கு. ஆகவே அவர் அரண்மனையில் தங்காமல், தம் தகுதிக்கு ஏற்றது என்று அரண்மனைத் தெருவிலேயே ஒரு பெரிய விடுதியைப் பிடித்தார். நாழிகைக்கு ஒருமுறை அங்கே முரசு அறைவார்கள் என்பதை எவரும் அவருக்குச் சொல்லவில்லை. மூன்று நாள் கண் மூடாதிருந்தவர், நான்காம் நாள் அவையில் இருக்கை ஒன்று கோணலாகப் போட்டிருந்ததற்காகச் சீறி எழுந்து மலையேறிவிட்டார். அன்று முதல் நம் மக்கள் உப்பின்றி, வாழைச் சாம்பல் நீரை உலையில் விட்டுச் சோறு உண்கிறார்கள். அந்தச் சோற்றின் சுவை நுமக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

அதனால்தான் இம்முறை தூதரை முன்னே அனுப்பினோம். நகரில் நூற்றுக்கும் மேற்பட்ட விடுதிகள் உண்டு, நாம் நன்றாக உறங்கக்கூடிய ஒன்று மட்டும் போதும் என்றோம். அரசி உறங்காவிடில் உப்பு இல்லை என்பதைச் சேந்தங்கீரனார் நம்மினும் தெளிவாக உணர்ந்திருந்தார். நகரைக் கண்டதும் அவருக்குத் தலை சுற்றியது. எந்தத் தெருவைக் கேட்டாலும் அந்தத் தெருக்காரர் தம் தெருவே சொர்க்கம் என்றார், மற்றத் தெருக்களுக்கு எல்லாம் ஒரு குறை சொன்னார். யாரை நம்புவது என்று விளங்காமல், நம் மலையில் பாடி அமைத்துத் தங்கும்போது என்ன செய்வோமோ அதையே செய்யத் துணிந்தார். பொதி சுமந்து வந்த காளை கருவண்டனின் மூக்கணாங்கயிற்றை அவிழ்த்துவிட்டு, காளை எங்கே தானாகப் படுத்து அசைபோடுகிறதோ அங்கேயே தங்குவது என்று முடிவு கட்டினார்.

பெருநகரில் இந்த வழக்கம் செல்லுமா என்று அவர் ஒரு கணமும் எண்ணிப் பார்க்கவில்லை. மலையார் என்றால் மலையார்தான்!

அரண்மனைத் தெருவில் முரசு ஒலித்ததும் கருவண்டன் மிரண்டு, தண்டநாயகர் மாளிகை வாசலில் சாணமிட்டு நடையைக் கட்டினான். பூக்கடைத் தெருவில் ஒரு மணமகனுக்கான மாலையை முழுவதும் தின்றான். தூதர் இரு கை கூப்பி மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. துறைமுகக் கரையில் மீன் வாடை தாளாமல் தும்மினான். தட்டார் தெருவின் சுத்தியல் ஓசையில் அவன் காதுகள் ஆடுவது நிற்கவே இல்லை. கோயில் மாடவீதியில் அவனைக் கோயிற்காளை என்று எண்ணிய அடியார்கள் நெற்றியில் சந்தனம் அப்பி வலம் வரத் தொடங்கினர். அவனும் சற்று நேரம் அதை விரும்பி நின்றான் என்றே தூதர் கூறுகிறார். ஆனால் படுக்கவில்லை. இவ்வாறு இரண்டு பகல் கழிந்தன. காளைக்குப் பின்னால் நடந்து நடந்து தூதரின் செருப்பு அறுந்தது.

மூன்றாம் நாள் நண்பகலில் கருவண்டன் செக்குத் தெருவுக்குள் நுழைந்தான். தெரு நெடுகச் செக்குகள் கிறீச்சிட்டுச் சுற்ற, எள்ளின் மணம் எங்கும் பரவியிருக்க, ஒரு சிறு விடுதியின் வாசலில் முன்கால் மடித்துப் படுத்து அசைபோட்டான். தூதருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. விடுதிக்காரி நாச்சாயியிடம் மேல்மாடத்து அறையை அப்போதே பேசி முடித்து, வாக்குக் கொடுத்து, மோதிர முத்திரையும் வைத்துவிட்டார். அதன் பின்னர்தான் அவர் திரும்பிப் பார்த்தார். காளையின் மூக்குக்கு எதிரே எள்ளுப் பிண்ணாக்குத் தொட்டி இருந்தது.

காளை இடத்தைத் தேர்ந்ததா, பிண்ணாக்கைத் தேர்ந்ததா? செக்குச் சத்தத்தில் மனிதர் உறங்குவது எங்ஙனம் என்று அவர் நாச்சாயியிடம் கேட்டிருக்கிறார். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதப் பணித்தோம்: ‘அட போங்கய்யா, செக்கு சுத்துற வரைக்கும்தான் எங்க புள்ளைங்க தூங்கும். நின்னுச்சோ, அம்புட்டும் முழிச்சுக்கும்!’ தூதருக்கு இது ஆறுதலாக இல்லை. எனினும் வைத்த முத்திரையை மீட்பது நம்மவர்க்கு இழுக்கு.

நாம் மாலையில் வந்தோம். தெருவைப் பார்த்தோம், தூதரின் முகத்தைப் பார்த்தோம். களைத்துப் படுத்தோம். விடியுமுன் செக்குகள் சுற்றத் தொடங்கின. நெடுவேளாதனாரே, மரம் மரத்தோடு உரசும் அந்த ஓசை நாம் பிறந்த வேய்க்காட்டின் ஓசை. காற்றடிக்கையில் முதிர்ந்த மூங்கில்கள் ஒன்றோடொன்று உராயுமே, அதுவேதான். முடிசூடிக் கல் மாளிகைக்குள் வந்த நாள் முதல் நாம் அதைக் கேட்டதில்லை, நன்றாக உறங்கியதும் இல்லை. இதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. அன்று உறங்கினோம். எப்படி உறங்கினோம் என்றால், அவைக்குச் செல்லக் குறித்திருந்த பத்தாம் நாழிகை வந்த பின்னும் எழவில்லை.

குறித்த நாழிகை தவறினால் பேச்சு முறிந்ததாகக் கொள்வது இந்நகரத்தார் மரபு. தோழியர் கதவைத் தட்டக் கை ஓங்கினர். தூதர் குறுக்கே நின்றார். உறங்காத அரசர் ஒருவர் நேரத்துக்குப் போய் என்ன விளைந்தது என்பதை நாடு கண்டதென்றும், உறங்கிய அரசி நேரம் தப்பிப் போவதே மேலென்றும், பழி முழுதும் தம்முடையதென்றும் சொல்லிவிட்டு, அறுந்த செருப்பை வாசலிலேயே விட்டு வெறுங்காலோடு அரண்மனைக்கு ஓடினார். மோதிரம் போய்விட்டது என்றே வழிநெடுக நினைத்தாராம்.

அவையில் முந்நீர்ப்பட்டினத்து மன்னர் கலங்காத்தார் காத்திருந்தார். முகம் வெளுத்து, கண்கள் சிவந்து, முரசுக்கு ஒருமுறை திடுக்கிட்டு அமர்ந்திருந்தார். பொய் சொல்ல வாய் வராத தூதர், தம் அரசி செக்குத் தெருவில் அயர்ந்து உறங்குகிறார் என்றார். அவை சிரித்தது. மன்னர் சிரிக்கவில்லை. எங்கே உறங்குகிறார், எவ்வளவு நேரமாக உறங்குகிறார் என்று இருமுறை கேட்டார். பிறகு, அந்த இடத்தைத் தாம் காண வேண்டும் என்று எழுந்தார்.

செக்குத் தெருவில் மன்னர் அமர ஓர் இருக்கை இல்லை. வந்தவர் யாரென்று நாச்சாயிக்குத் தெரியாது. செக்கோடு சுற்றிவரும் பலகையைத் தட்டிக்காட்டி, ‘நல்ல பாரமாத்தான் இருக்கீங்க, இதுல குந்துங்க. நாலு சுத்து சுத்துறதுக்குள்ள அந்தம்மா எந்திரிச்சுரும்’ என்றாள். தண்டநாயகர் வாளில் கை வைத்தார். மன்னர் பலகையில் அமர்ந்தார். முதற் சுற்றில் புன்னகைத்தார். இரண்டாம் சுற்றில் முடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நான்காம் சுற்றில் உறங்கிப்போனார்.

வேடிக்கை பார்க்க வந்த தெருவார் தம் செக்குகளை முன்பே நிறுத்தியிருந்தனர். விழுந்துவிடுவாரே என்று நாச்சாயியும் தன் செக்கை நிறுத்தினாள்.

ஓசை நின்றதும் மேல்மாடத்தில் நாம் விழித்தோம். பலகணி திறந்து பார்த்தால், கீழே முந்நீர்ப்பட்டினத்தின் மன்னர் செக்குப் பலகையில் வாய் திறந்து உறங்குகிறார். சுற்றிலும் அவருடைய அமைச்சர்கள் மூச்சுவிடாமல் நிற்கிறார்கள். நடுவே நம் தூதர் வெறுங்காலோடு நிற்கிறார். நாம் சிரித்த சிரிப்பில் மன்னர் கண் விழித்தார். விழித்தவர் நாணினார், பிறகு அவரும் சிரித்தார். இருபது ஆண்டுகளாக அந்த முரசு தம்மையும் உறங்கவிட்டதில்லை என்றும், முன்னோர் வைத்த முரசை நிறுத்த நாவெழவில்லை என்றும், நம் தந்தையார் சீறிய நாளில் தாமும் மூன்று நாள் உறக்கம் கெட்டிருந்ததாகவும் அவர் உரைத்தார். நன்றாக உறங்கி எழுந்த இருவருக்குப் பேச அதிகம் இருக்கவில்லை. ஆண்டுக்கு ஆயிரம் பொதி உப்பு மலையேற, ஆயிரம் பொதி மிளகு மலையிறங்க, வழியை இரு நாட்டாரும் காக்க என்று அந்த வாசலிலேயே முடிந்தது. பேச்சு முடிந்ததால் நாச்சாயி ஊற்றிய உப்புக் கஞ்சியை நாம் பருகினோம். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் உப்பு. அழுதோம் என்பதை எழுதுவதில் நமக்கு நாணம் இல்லை.

அப்போது சேந்தங்கீரனார் நம் முன் மண்டியிட்டு, பிண்ணாக்குத் தொட்டியைப் பற்றிய உண்மையைக் கூறி, மோதிரத்தைக் கழற்றி வைத்தார். அமைச்சரே, ஆதலால் நீர் வேண்டியபடி மோதிரம் கழற்றப்பட்டது. கழற்றிய விரலிலேயே அதை நம் கையால் மீண்டும் பூட்டினோம். கருவண்டன் பிண்ணாக்குக்காகப் படுத்தானா, நமக்காகப் படுத்தானா என்பது அவனுக்கே வெளிச்சம்.

இனி ஆணை. இந்த ஓலை கொண்டுவரும் காளைகளில் முன்னே நடப்பவன் கருவண்டன். முதற் பொதி உப்பு அவன் முதுகில் இருக்கும். நகர வாயிலில் நீரே எதிர்கொண்டு அவன் கயிற்றை அவிழ்த்துவிடுக. அவன் எந்தத் தெருவில் படுக்கிறானோ அந்தத் தெருவில் பொதியைப் பிரித்து, வீட்டுக்கு ஒரு கைப்பிடியாக நும் கையால் முதல் உப்பை வழங்குக. அவன் நும் மாளிகை வாசலில் படுத்தாலும் எழுப்பற்க. மற்றக் காளைகளின் உப்பை மலை பன்னிரண்டுக்கும் அனுப்புக. வேய்மலையின் எல்லா உலையிலும் உப்பு விழுந்தது என்ற சொல்லையே நும் அடுத்த ஓலையாக எதிர்பார்க்கிறோம்.

நாம் இன்னும் மூன்று நாள் உறங்கிவிட்டு வருவோம்.

மூங்கில் முத்திரை இட்டோம். கோமகள் திருவாய்மொழியாக இதை எழுதினேன், ஓலைநாயகம் வெண்பூதன். மலையும் கடலும் நிற்கும்வரை இது நிற்க.