கட்டி தட்டாத சுவர்

நாள் 212. காலை 7.10. வழக்கமான பதிவு

பட்டறை வெப்பம் சரி. காற்றழுத்தம் சரி. ஆவுடையம்மாளின், அதாவது என், முழங்கால் சரியில்லை. நிலவில் எடை ஆறில் ஒன்றுதான் என்றார்கள். வலி மட்டும் முழுசாக வந்து சேர்ந்திருக்கிறது.

இதைக் கண்டெடுப்பவருக்கு: என் வேலை உருகிய பிளாஸ்டிக்கில் நானோ கார்பன் குழாய்த் தூளைக் கலந்து சுவர்ப் பலகை வார்ப்பது. நன்றாகப் பரவினால் பிளாஸ்டிக் இரும்போடு மல்லுக்கு நிற்கும், மின்சாரமும் கடத்தும். ஆனால் இந்தக் குழாய்கள் கல்யாண வீட்டுச் சொந்தக்காரர்கள் மாதிரி. எங்கே விட்டாலும் மூலையில் கூடி ஒட்டிக்கொள்ளும். கேழ்வரகுக் களிபோலக் கட்டி தட்டும். பத்தாவது வார்ப்பும் கட்டி. உருப்பெருக்கிப் படத்தைப் பார்த்துவிட்டுத் பூமியில் தரை நிலையத்திலிருக்கும் முகுந்தராஜ் சார் அனுப்பியது:

"என்னம்மா இது, அம்மை போட்ட முகம் மாதிரி இருக்கு? இதை யார்கிட்ட காட்டுறது?"

அந்தப் பலகையை, பட்டறைக்கும் கட்டிக்கொண்டிருக்கும் புது அறைக்கும் நடுவிலுள்ள இடைக்கதவுக்குப் போட்டுவிட்டேன். கதவை யார் படம் எடுக்கப் போகிறார்கள்?

நாள் 214. மாலை 4.30

களி கட்டி தட்டினால் என்ன செய்வோம்? இன்னும் வேகமாகக் கிண்டுவோம். கலவை இயந்திரத்தின் திருகுகளை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, அவை கதறும்வரை கிண்டினேன். படத்தில் ஒரு கட்டி இல்லை. எண்ணெய் தேய்த்துச் சீவிய தலை. சாரிடமிருந்து உடனே பதில்:

"ஆவுடை, இது போட்டோவா, காலண்டரா? ஆண்டறிக்கை அட்டைக்கு இதுதான். பக்குவத்தை எழுதி அனுப்பு, நிலவோட தென்முனை நிலையத்துக்கும் கொடுத்துடறேன்."

அனுப்பினேன். கூடவே என் புகைப்படம் ஒன்றும், கேட்காமலே.

நாள் 219. காலை 11.00

அந்தப் பக்குவத்துப் பலகைகளால் புது அறை தயார். என்னைத் தவிர இங்கே இருக்கும் ஒரே ஜீவனான பொருத்துநர் காந்திமதிநாதன் மூட்டையைக் கட்டிக்கொண்டு அங்கே குடிபோய்விட்டார். போனதும் உள்பேசியில்:

"யக்கா, கோவிச்சுக்கிடாதிய. ஒங்க கொறட்டைக்கும் எனக்கும் நடுவுல ஒரு சுவரு வேணும்லா."

சுவரில் எப்போதும் சிறு மின்சாரம் ஓடும். விரிசல் விட்டால் மின்சாரம் அறுந்து மணி அடிக்கும். மாட்டிய நிமிடத்திலிருந்தே மணி அடிக்கிறது. கம்பி முனையில் கோளாறாக இருக்கும். அவ்வளவு அழகான பலகையில் என்ன கோளாறு? மணியை நிறுத்தினேன். தரைக்கும் சொன்னேன்: மணி பொய், படம் மெய்.

நாள் 223. காலை 9.40

"யக்கா, ஒங்க சுவரு அப்பளம் நொறுக்குத மாதிரி சத்தம் போடுது."

குளிரில் சுருங்குகிறது என்று பதில் சொன்னேன். சொல்லிவிட்டு, வெட்டி மீந்த துண்டொன்றை மடக்கினேன். பிஸ்கட்போல முறிந்தது. உருப்பெருக்கியை முழுவதும் திருகிப் பார்த்தேன். கட்டி இல்லை. குழாயும் இல்லை. நான் கிண்டிய கிண்டலில் எல்லாம் நொறுங்கிப் பொடியாகிவிட்டன. குழாய் நீளமாக இருந்தால் ஒன்றை ஒன்று தொட்டுப் பிடித்துக்கொள்ளும். பலம், மின்சாரம் இரண்டும் அந்தப் பிடியில்தான். நான் கலந்தது வெறும் கரி. மணி முதல் நாளிலிருந்து உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

வெளியே வரச் சொல்லிக் கத்தினேன்.

9.52

அவர் கதவை எட்டுமுன் சுவர் பிளந்தது. இடைக்கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. காற்று உடுப்புகள் இரண்டும் என் பக்கம். மாட்டிக்கொள்ளும் நேரம் அவரிடம் இல்லை. கதவைத் திறந்தால் இரண்டு பக்கமும் காற்று காலி.

"தெறக்காதிய. யக்கா, தெறக்காதிய. அந்த அம்மைக் கதவு நிக்குது பாத்தியளா."

பிறகு மூச்சு. பிறகு அதுவும் இல்லை.

என் கை கதவுப் பிடியில் இருந்தது. திருகவில்லை, எடுக்கவும் இல்லை.

மதியம் 1.00

சாப்பிட்டேன். வழக்கமான அளவு. உப்பு இருந்ததா தெரியவில்லை. வானொலியின் அனுப்பும் கம்பி அவர் அறைக் கூரை வழியாகப் போனது, அறுந்திருக்கிறது. தரை பேசினால் எனக்குக் கேட்கும், நான் பேசினால் போகாது. வாய் ஓயாதவளுக்கு இப்படி ஒரு தண்டனை. சிரித்திருக்க வேண்டும். முகம் ஒத்துழைக்கவில்லை.

மாலை 5.15

"ஆவுடை, சந்தோஷமான செய்தி. தென்முனையில உன் பக்குவத்துலயே சுவர் எழும்பிடுச்சு. இன்னிக்குப் பதினாலு பேர் குடிபோயாச்சு. அங்கேயும் அந்தப் பொய் மணி அடிச்சுதாம். நீ சொன்ன மாதிரியே நிறுத்தச் சொல்லிட்டேன். ஏன் பதில் காணோம்? தூங்கிட்டியா?"

5.40

உடுப்பை மாட்டிக்கொண்டேன். கையுறையோடு எழுதுகிறேன், கோழிக் கிறுக்கலை மன்னிக்கவும். அறுந்த கம்பியை ஒட்டித் தரைக்குச் சொல்ல வேண்டும். கூரைக்குப் போக ஒரே வழி அந்தக் கதவு. திறக்குமுன் என் பக்கத்துக் காற்றையும் வெளியே விட வேண்டும். திரும்பி வர அறை இருக்காது. உடுப்பில் கொஞ்ச நேரக் காற்று உண்டு. வழியில் அவர் இருப்பார். பார்க்காமல் தாண்ட வேண்டும்.

பயமாக இருக்கிறதா என்று என்னையே கேட்டேன். முழங்கால் மட்டும் பதில் சொன்னது.

இதைக் கண்டெடுப்பவரே, தென்முனையில் மணி மறுபடி அடித்துக்கொண்டிருந்தால் நான் கம்பியை ஒட்டிவிட்டேன் என்று அர்த்தம். படம் பொய். மணி மெய். அங்கே மணி அடிக்காமல் அமைதியாக இருந்தால்...