உன் லெப்டொப்பை நானே திறந்தேன், அண்ணா

என் அன்புக்கும் சண்டைக்கும் சொந்தமான அண்ணாவுக்கு,

முதலில் நல்ல செய்தி. நம் ஸ்டூடியோ திறந்துதான் இருக்கிறது. குட்செட் பஸ் நிலையத்தில் இறங்கி வருகிறவர்கள் இன்னமும் உன்னைத்தான் கேட்கிறார்கள். நீ இல்லை என்றதும் கொஞ்சம் தயங்கி நிற்கிறார்கள், பிறகு பாஸ்போர்ட் படத்துக்கு என் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். படம் நன்றாக இருக்கிறது என்றும் சொல்கிறார்கள். உனக்குப் பொறாமையாக இருந்தால் நான் என்ன செய்ய?

அண்மையில் திகனயில் ஒரு கல்யாணம் எடுத்தேன். நீ கண்ணை மூடிய பிறகு நான் தனியாக எடுத்த முதல் கல்யாணம். முன்பெல்லாம் முஸ்லிம் வீட்டுக் கல்யாணம் என்றால் ஆண்கள் பக்கம் நீ, பெண்கள் பக்கம் நான். இந்த முறை ஆண்கள் பக்கத்துக்கு அவர்களே வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். பெண்கள் பக்கத்துக்கு நான்தான் வரவேண்டும் என்று மணமகளின் உம்மா பிடிவாதமாக இருந்தார். அவரை நான் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடுவேன். வழக்கமான நிபந்தனையையும் அவர் மறக்கவில்லை.

"புள்ள, எங்கட பொம்புளையள்ட படம் வேற ஆம்புளைட கண்ணுல படப்படாது."

நான் வாக்குக் கொடுத்தேன். உனக்குத் தெரியாததா? பெண்கள் பக்கத்துப் படங்களை நான் திருத்தும்போதெல்லாம் நீ கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருப்பாய்.

படங்களை உன் லெப்டொப்பில் ஏற்றினேன். மறுநாள் ஒரு ஞானஸ்நானம் எடுக்கக் கமராவின் மெமரி கார்டு வேண்டியிருந்தது, அதனால் கார்டில் இருந்ததை அழித்துவிட்டேன். திட்டாதே, நீயும் அப்படித்தான் செய்வாய். மணமகள் புருஷனோடு கட்டார் போவதற்கு முன் ஆல்பம் கையில் இருக்கவேண்டும். பாதி வேலையில் திரை நீலமாகி மெஷின் அணைந்தது. மறுபடி போட்டேன், வந்தது. அடிப்பக்கத்தைத் தொட்டால் தோசைக்கல் சூடு. திரும்பவும் அணைந்தது. அதற்குப் பிறகு வரவே இல்லை.

அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பார்களே. ஒரு தட்டு தட்டிப் பார்த்தேன். அதுவும் உதவவில்லை, நீயும் வரவில்லை.

பிறகுதான் புத்தியைப் பாவித்தேன். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பட்டனை நன்றாக அழுத்திப் பிடித்து, எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன். பக்கத்துத் தையல் கடையில் வேறு சார்ஜர் இரவல் வாங்கிப் போட்டேன். பட்டனை அழுத்தினால் விளக்கு எரியும், உடனே அணையும். அவ்வளவுதான்.

டவுனில் ஒரு ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அந்த மனிதர் தங்கமானவர், குறை சொல்ல ஒன்றுமில்லை.

"வச்சிட்டுப் போங்க மிஸ். டிஸ்க்கக் கழட்டி எங்க மெஷின்ல போட்டு, படத்த எல்லாம் எடுத்துத் தந்துர்றோம்."

"படத்தத் திறந்து பாப்பீங்களா?"

"பாக்காம எப்படி மிஸ்? சரியா வந்திருக்கான்னு தெரியணுமே."

நியாயமான பேச்சுத்தான். ஆனால் கடையில் இருந்த எல்லாருமே ஆண்கள். ராத்தாவின் முகம் கண் முன்னால் வந்தது. நன்றி சொல்லிவிட்டு லெப்டொப்பைத் திரும்பப் பையில் போட்டேன். பேஸ்ட் ஒரு டியூப் மட்டும் கேட்டு வாங்கினேன், உள்ளே சூடு கடத்துவதற்குப் பூசுவது. கழற்றினால் அதுவும் தேவைப்படும் என்று படித்திருந்தேன். "நீங்களா கழட்டப்போறீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது.

ஸ்டூடியோவுக்கு வந்து இன்னொரு முறை பட்டனை அழுத்திக் காதை வைத்துக் கேட்டேன். வழக்கமான ஒரு சத்தம் இல்லை. ஃபேன் சுற்றவில்லை, அதனால்தான் மெஷின் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. உன் லெப்டொப்பின் ஃபேன் ஓடினால் தையல் கடைக்கே கேட்குமே, அதை எப்படி இத்தனை நேரம் கவனிக்காமல் இருந்தேன்? அடிமூடியின் திருகாணிகளைக் கழற்றித் திறந்தேன்.

ஃபேனுக்குள் கறுப்பும் சாம்பலுமாகக் கம்பளி போல ஒன்று அடைத்துக்கொண்டு கிடந்தது. நடுவில் சிவப்பு. விரலில் எடுத்து மணந்து பார்த்தேன். சாம்பிராணி, அண்ணா. சிவப்பு, உன் குங்குமம்.

வெள்ளிக்கிழமை தோறும் கமராக்களுக்கும் லெப்டொப்புக்கும் நீ புகை காட்டுவாய். மெஷினை ஓடவிட்டு, அந்தக் காற்றுத் துவாரத்துக்கு நேரே தட்டைப் பிடிப்பாய். "பாரு, எப்படி இழுக்குதுன்னு. சாமி ஏத்துக்கிச்சு" என்பாய். மூடியில் பொட்டு வைத்தால் கம்பனிச் சின்னம் மறைகிறதாம், அதனால் துவாரத்தின் மேலேயே சந்தனமும் குங்குமமும். இழுத்தது சாமி இல்லை, ஃபேன். நீ போன பிறகு அதே தட்டை நான் பிடித்தேன். உன்னைவிட அதிகமாகவே சாம்பிராணி போட்டேன். நீ செய்ததை ஒன்றுவிடாமல் செய்தால் நீ பக்கத்தில் நிற்பது போல இருந்தது.

சிரிப்பு வந்தது, பிறகு அழுதுவிட்டேன். அடியில் இருந்தவை உன் வெள்ளிக்கிழமைகள், மேலே இருந்தவை என்னுடையவை. அதை எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன். எடுத்துக் குப்பையில் போட்டேன்.

லென்ஸ் துடைக்கும் தூரிகையாலும் காற்றுப் பம்பாலும் மிச்சத்தைச் சுத்தம் செய்தேன். காய்ந்துபோன பழைய பேஸ்டை வழித்துப் புதியது பூசினேன். எல்லாவற்றையும் மூடிப் பட்டனை அழுத்தியபோது ஃபேன் உறுமியது. படங்கள் அத்தனையும் இருந்தன. வேறு எதையும் தொடுவதற்கு முன் அவற்றை இரண்டு இடத்தில் நகல் எடுத்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நீ சொல்ல முடியாது, கண் கெடவில்லை.

ஆல்பத்தை நானே திகனக்குக் கொண்டுபோனேன். ராத்தா ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். கடைசியில் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"வேற யாரும் பாக்கல்லயே புள்ள?"

"நான் மட்டுந்தான் ராத்தா. மெஷின் உடைஞ்சப்பகூட கடைக்குக் குடுக்கல. நானே கழட்டித் திருத்திக்கிட்டேன்."

ஆல்பத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு உள்ளே திரும்பி இளைய மகளைக் கூப்பிட்டு என் முன்னால் நிறுத்தினார். "இவட கல்யாணத்துக்கும் நீங்கதான். இப்பயே சொல்லிட்டன்." அந்தப் பெண் இன்னும் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. முறைத்துவிட்டுப் போனாள்.

அண்ணா, உன் பழக்கம் ஒவ்வொன்றையும் காப்பாற்றுவேன் என்று இனி நான் சொல்லமாட்டேன். சிலதை எடுத்துக் குப்பையில் போடத்தான் போகிறேன். கோபிக்காதே. உன் கடையைக் காப்பாற்றுவேன்.

இப்படிக்கு,
உன்னோடு சண்டை போட இன்னும் நிறைய வைத்திருக்கும்
உன் ஒரே தங்கச்சி