டேங்க் நிறைந்தால் மட்டும்

ஜூன் 4
பங்க் போய் வந்ததும் அப்பாவின் பழைய கார் மறுபடி நாறுகிறதாம். பெட்ரோல் முள் அசையவில்லை என்று போன மாதம் டேங்க்கில் பெட்ரோல் மட்டத்தைக் காட்டும் மிதவை யூனிட்டை நான்தான் மாற்றிக் கொடுத்தேன். இரண்டு மணி நேர வேலை. முள் இப்போது கச்சிதம். நாறாமல் என்ன செய்யும்? பங்க்கில் குழாயைத் தானே பிடித்து வழிய வழிய ஊற்றுகிறார் மனிதர்.

ஜூன் 7
"உங்கப்பா பக்கத்துல உட்கார்ந்தா பங்க்லயே உட்கார்ந்த மாதிரி இருக்குடா" என்றாள் அம்மா. சட்டையைத் தனியாக ஊறவைக்கிறாள்.
நான் பட்டென்று சொன்னேன்: "கை நடுங்குதுப்பா உங்களுக்கு. அதான் வழியுது. ஒத்துக்கங்க."
கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டார்.

ஜூன் 8
சாவியை வாங்கி வைத்துக்கொண்டேன். பற்றிக்கொண்டால் யார் பதில் சொல்வது? பேசாமல் கொடுத்தார். அதுவே ஒப்புக்கொண்ட மாதிரிதான்.

ஜூன் 15
இன்று நானே ஓட்டினேன். நானே நிரப்பினேன். ஒரு சொட்டு வழியவில்லை. வீடு வருவதற்குள் தலைவலி, அப்படி நாற்றம்.
டிக்கி விரிப்பைத் தூக்கினேன். டேங்க்கின் மேல்புறம், யூனிட்டைச் சுற்றி ஈரம். பெட்ரோலைக் கேனில் இறக்கிவிட்டு ஐந்து ஸ்க்ரூவையும் கழற்றினால், அடியில் கூழ்.
அன்றைக்கு மாட்டும்போதே, கசியாமல் இருக்க அடியில் வைக்கும் ரப்பர் கேஸ்கெட் கிழிந்தது. தெரியும். புதுசு வர நாலு நாள் என்றார் கடைக்காரர். யார் காத்திருப்பது? குளியலறைக்கு வாங்கிய சிலிக்கோன் பசையைத் தடவி முடுக்கிவிட்டேன். அது பெட்ரோலில் ஊறிப்போகும் என்று ஆட்டோமொபைல் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான்.
பாதி டேங்க்கில் கசியாது. நிறைந்தால்தான் பெட்ரோல் அங்கே ஏறும். பங்க் போய் வந்த நாளில் மட்டும் நாறியது அதனால்தான். அதைத்தானே அவருக்கு எதிராகச் சாட்சியாக வைத்தேன்?
சீ.

ஜூன் 16
புது கேஸ்கெட்டுக்குச் சொல்லியாயிற்று. சாப்பிடும்போது உண்மை வாய் வரை வந்தது.
"என்னடா முழிக்கிற?"
"ஒண்ணுமில்லம்மா."
மாட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்தால் போதாதா? யாருக்குத் தெரியப்போகிறது—

ஜூன் 18
அப்பா பஸ் பிடித்து நரம்பு டாக்டரிடம் போய் வந்திருக்கிறார். தனியாக.
"ரெண்டு கையையும் நீட்டச் சொன்னாரு. மூக்கைத் தொடச் சொன்னாரு. ஒண்ணுமே இல்லங்கறாரு. வேற யார்கிட்டயாவது காட்டலாமாடா?"
டாக்டரை நம்பவில்லை. என்னை நம்புகிறார்.
சொல்லிவிட்டேன். நின்றபடியே, எல்லாவற்றையும்.
"கிழிஞ்சது அன்னிக்கே தெரியுமா?"
"தெரியும்பா."
அம்மாதான் அடுப்படியிலிருந்து, "அந்தச் சட்டையை எத்தனை தடவை துவைச்சேன், பாவி!" என்று கத்தினாள். அப்பா திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 20
கேஸ்கெட் வந்தது. பழைய பிசினைச் சுரண்டவே ஒரு மணி நேரம். மாட்டியாயிற்று.

ஜூன் 21
சாவியைக் கொடுத்தேன். அப்பா ஓட்டினார், நான் பக்கத்தில். நன்றாக ஓட்டுகிறார். எப்போதுமே நன்றாகத்தான் ஓட்டினார்.
பங்க்கில் நிறுத்தினார். இறங்கவில்லை.
"நீயே போடு."
"அதான் ஒண்ணுமில்லன்னு டாக்டரே சொல்லிட்டாரேப்பா. நானும்தான் சொன்னேனே."
"ரெண்டு பேரும்தான் சொன்னீங்க" என்றார், தன் கையைப் பார்த்தபடி. "நீ போடு."
இறங்கிப் போய்ப் போட்டேன்.