எஃகு இடுக்கி

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். முழங்கால் வலி குறைந்ததா? போனில் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்லடா" என்பாய். அதனால் எழுதிக் கேட்கிறேன்.

என் கட்டுரையின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ திரையில் படிக்க மாட்டாய், சிவப்புப் பேனா இல்லாமலும் படிக்க மாட்டாய். விஷயம் இதுதான்: தலைமுடியின் கனத்தில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கே உள்ள ஓர் ஆக்சைடு படலம். காந்தத்தை மாற்ற வழக்கமாகக் கம்பிச் சுருளில் மின்சாரம் ஓட்டுவார்கள்; பாதி சக்தி சூடாக வீணாகிவிடும். நான் மின்சாரம் ஓட்டாமல் மின்னழுத்தம் மட்டும் கொடுக்கிறேன். காந்தம் கூடுகிறது! கணினியின் நினைவகம் ஒருநாள் சூடாகாமல் இப்படித் தகவலை எழுதும்.

பத்திரிகை ஏற்றுக்கொண்டுவிட்டது. மே மாதம் எங்கள் நிறுவனத்தின் தேர்வுக் குழு கூடுகிறது. பதினோரு வருட ஒப்பந்த வேலை நிரந்தரமாவது இந்தக் கட்டுரையை நம்பித்தான். அச்சுக்குப் போகுமுன் நீ எழுத்துப்பிழை மட்டும் பார்.

உன் தம்பி


மார்ச் 12

அன்புள்ள தம்பிக்கு,

முழங்காலும் இருக்கிறது, மாடிப்படியும் இருக்கிறது. இரண்டுக்கும்தான் ஒத்துப்போகவில்லை.

எழுத்துப்பிழை மூன்று. அது போகட்டும். நான்காம் பக்கத்து அட்டவணையைப் பார். நேர் மின்னழுத்தம் கொடுத்தாய், காந்தம் கூடியது. எதிர் அழுத்தம் கொடுத்தாய், அப்போதும் கூடியது. நாற்பது முறையும் ஏறுமுகம். குழாயைத் திறந்தாலும் மூடினாலும் வாளி நிறைகிறது என்றால், நான் குழாயைப் பாராட்ட மாட்டேன். வேறு எங்கிருந்து ஒழுகுகிறது என்று தேடுவேன்.

ஒவ்வொரு தடவையும் படலத்தை அளவுக் கருவியிலிருந்து எடுத்து, அழுத்தம் கொடுத்து, திரும்ப வைப்பதாக எழுதியிருக்கிறாய். எதால் எடுக்கிறாய்? நீ வேலைக்குச் சேர்ந்த அன்று நான் வாங்கித் தந்த எஃகு இடுக்கியாலா? எஃகில் இருப்பது இரும்பு; பிடிக்கும்போதெல்லாம் படலத்தில் துளி ஒட்டும். சாக்பீஸ் பிடித்த கையால் என் கறுப்புக் கைப்பையை ஒரு தடவை தொட்டால் தெரியாது. சாயங்காலத்துக்குள் பை வெளுத்துவிடும்.

ஒரு புதுப் படலம் எடு. அழுத்தம் கொடுக்காதே. சும்மா எடு, வை, அளந்து பார். பத்து முறை.

அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு,

எழுத்துப்பிழை பார்க்கச் சொன்னேன். சில பொருட்களில் எந்தத் திசையில் அழுத்தம் கொடுத்தாலும் காந்தம் கூடும். அது பள்ளிக்கூடப் பாடத்தில் இருக்காது. விஷயம் தெரிந்த இரண்டு பேர் படித்துச் சரி என்றுவிட்டார்கள். உனக்கு மட்டும் நான் இன்னும் வீட்டுப்பாட நோட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். மே முடியும் வரை இதைப் பற்றி எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
ஆய்வாளன்


மார்ச் 27

அன்புள்ள ஆய்வாளருக்கு,

எழுத வேண்டாம் என்றாய், அதைப் பற்றி எழுதவில்லை. பார்சலில் இருப்பது பிளாஸ்டிக் இடுக்கி. "தபால்தலை சேர்க்கறீங்களாம்மா?" என்று கேட்டார் கடைக்காரர். "நான் இல்லப்பா, தம்பிக்கு" என்றேன். சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

பார்சலைப் பதினான்கு நாள் பிரிக்கவில்லை. போன வாரம் பிரித்தேன்.

முதலில் ஒரு புதுப் படலம், எஃகு இடுக்கி. அழுத்தம் கொடுக்காமல் எடுத்து வைத்தேன், பத்து முறை. பத்து முறையும் காந்தம் ஏறியது. பிறகு இன்னொரு புதுப் படலம், உன் பிளாஸ்டிக் இடுக்கி. அழுத்தம் கொடுத்தும் ஒன்றுமில்லை. பழைய படலத்தை நுண்ணோக்கியில் பார்த்தேன். ஒரே மூலையில் கீறல்கள். நான் எப்போதும் பிடிக்கும் மூலை.

கட்டுரையை நிறுத்தச் சொல்லி எழுதிவிட்டேன். குழுத் தலைவரிடமும் போய்ச் சொன்னேன். "ரெண்டு மாசம் கழிச்சு வந்து சொல்லியிருக்கலாமேப்பா" என்றார். நிரந்தரம் இந்த வருடம் இல்லை. ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீட்டலாம் என்றார். அதையும் எழுத்தில் தரவில்லை.

உன் எஃகு இடுக்கியை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். காலில் முள் குத்தினால் ஆகும்.

வேறொரு படலத்தில் மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். முதல் அளவுகள் இத்துடன். இதுவரை எல்லாம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான். எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம். அட்டவணையை மட்டும் பார்.

உன் தம்பி