மூட்டையோடு வந்த தலையணை உறை

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு,

உன்னை இடுப்பில் சுமந்து வளர்த்த அக்கா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் உயிரோடு இருக்கிறேன். சுகமாக இருக்கிறேன் என்று எழுத மாட்டேன். போதகரிடம் பொய் சொல்லக் கூடாதல்லவா? உன் மனைவிக்கு இரத்த அழுத்தம் குறைந்ததா? உப்பைக் குறைக்கச் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே, கூட்டிவிடுவாள்.

உன் கடிதம் கிடைத்தது. கோர்ட்டுக்குப் போகாதே, மன்னித்து விட்டுவிடு, தேவன் பார்த்துக்கொள்வார் என்று எழுதியிருக்கிறாய். யாரை மன்னிக்க வேண்டும்? தள்ளுவண்டியில் பழம் விற்றவர்மேல் லாரி ஏறியது. செத்தது அவர். மன்னிப்பதானால் அவர் மனைவி மன்னிக்கட்டும். நான் பார்த்தவள், அவ்வளவுதான். மன்னிப்பது வேறு, வாயை மூடிக்கொள்வது வேறு. நீ வேதசாஸ்திரக் கல்லூரியில் படித்தவன். சோப்பு உறையில் எழுத்துக் கூட்டிப் படித்த எனக்கே இது புரிகிறது.

என் இஸ்திரிக் கடை ஜன்னலுக்கு நேர் எதிரே, பட்டப்பகலில் நடந்தது. லாரியை ஓட்டிவந்து இறங்கியவன் மரக்கடை முதலாளியின் மகன். அன்று காலையில் நான் தேய்த்துக் கொடுத்த சட்டையைத்தான் போட்டிருந்தான். சத்தம் கேட்டு மரக்கடைக்குள்ளிருந்து ஓடிவந்தவர்களில் டிரைவர் நெட்டையனும் ஒருவன். போலீஸ் வந்தபோது முதலாளி அந்த நெட்டையனைத்தான் கைகாட்டினார். இப்போது அவன் சிறையில் இருக்கிறான். அவன் ஓட்டவில்லை என்று சொல்ல இந்தத் தெருவில் நான் ஒருத்திதான். மற்றவர்களுக்கெல்லாம் திடீரென்று கண் மங்கிவிட்டது.

நெட்டையன் நம் சபைக்காரன்தான். தேய்க்கக் கொடுத்த பலிபீட விரிப்பை நான் திருடி விற்றுவிட்டேன் என்று கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னவன் அவனே. "இந்தக் கிழவி கையில குடுத்தா கர்த்தரோட துணிகூட மிஞ்சாது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். விரிப்பு பிறகு அலமாரிக்குப் பின்னால் கிடந்தது. ஒருவரும் என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. உனக்கு எழுதினேன். பொறுத்துக்கொள் அக்கா என்று பதில் போட்டாய். பொறுத்தேன். மறக்கவில்லை.

இப்போதும் எனக்கு அவனைப் பிடிக்காது. ஆனால் பொய்ச்சாட்சி ஒரு ஆளை எப்படி உள்ளுக்குள்ளேயே அரித்துத் தின்னும் என்று எனக்குத் தெரியும். என்னை அதற்குத் தின்னக் கொடுத்தவன் என்பதற்காக அவனை நான் தின்னக் கொடுக்க முடியாது. இயேசு அந்த ஒரு வழியை அடைத்துவிட்டார். அதில் எனக்கு அவர்மேல் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு.

இனி உனக்கு எழுத வேண்டாம் என்று நினைத்ததை எழுதுகிறேன். பார்த்ததைப் போலீஸில் நான் வாக்குமூலம் கொடுத்த பிறகும் மரக்கடை வீட்டுத் துணி நின்றுவிடவில்லை. முன்பைவிட அதிகமாக வருகிறது. போன வியாழக்கிழமை மூட்டையை அவிழ்த்தேன். வேட்டி, சட்டை, படுக்கை விரிப்பு. அவற்றுக்கு நடுவில் ஒரு தலையணை உறை, நான்காக மடித்து. மூலையில் நீல நூலால் நானே போட்ட ஒட்டு. அன்று காலையில் நான் தலை வைத்து எழுந்த உறை, தம்பி. நான் முன்னறையில் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே யாரோ பின்னறைக்குள் வந்து, என் கட்டில்வரை போய், அதைக் கழற்றி எடுத்திருக்கிறார்கள்.

மூட்டை கொண்டுவந்தவனைக் கேட்டேன். "தெரியலம்மா, குடுத்தாங்க, கொண்டாந்தேன். நல்லா தேய்ச்சு வைக்கச் சொன்னாங்க, நிம்மதியாத் தூங்கணுமாம்" என்றான். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. இஸ்திரிப் பெட்டியைத் துணிமேலேயே விட்டுவிட்டேன். ஒரு நல்ல சட்டை கருகிவிட்டது. மரக்கடை வீட்டுச் சட்டைதான், போகட்டும்.

அன்றிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்துதான் தூங்குகிறேன். முழங்கால் போட்டால் முதுகு கதவுப் பக்கம் வருகிறது. அதனால் கதவைப் பார்த்து முழங்கால் போடுகிறேன், கண்ணைத் திறந்துகொண்டே. முன்பெல்லாம் என் ஜெபம் பாதிக்குமேல் புகார்தான். இன்னாரைத் தண்டியும், இன்னாரை விடாதேயும் என்று ஆள் ஆளாகச் சொல்வேன். இப்போது அதெல்லாம் வாயில் வருவதில்லை. "கூட இரும்" என்கிறேன். அதற்குமேல் வார்த்தை இல்லை. விசுவாசம் வந்தால் பயம் போய்விடும் என்று நீ பிரசங்கிப்பாய். போகவில்லையடா. இரண்டும் ஒரே அறையில் குடியிருக்கின்றன, மாமியாரும் மருமகளும் போல.

நெட்டையன் மனைவி சனிக்கிழமை கடை வாசலில் வந்து நின்றாள். விரிப்பு விஷயத்தில் அவளும் சிரித்தவள்தான். வாசலைவிட்டுப் போகவில்லை. அந்தப் பழைய கதை எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, "நின்னுக்கிட்டே இருந்தா காலு வலிக்கும், உள்ள வா" என்றேன். வந்தாள். மாலைவரை துணிக்குத் தண்ணீர் தெளித்துக் கொடுத்தாள். போகும்போது, "நீங்க கோர்ட்டுக்கு வர மாட்டேன்னு சொன்னாலும் நான் தப்பா நெனைக்க மாட்டேன்க்கா" என்றாள். என்னை அக்கா என்று அவள் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. அதன் பிறகு எப்படிப் போகாமல் இருப்பேன், சொல்.

வருகிற திங்கட்கிழமை விசாரணை. மரக்கடையைத் தாண்டித்தான் பஸ் நிறுத்தத்துக்குப் போக வேண்டும். அவளும் நானும் நடப்போம். எனக்காக ஜெபிப்பதாக எழுதியிருக்கிறாய். நல்லது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உன் ஊரிலிருந்து ரயில் இருக்கிறது. அதில் உட்கார்ந்து ஜெபி. அங்கி வேண்டாம், பிரசங்கமும் வேண்டாம். என் இடப்பக்கம் நடந்தால் போதும். மரக்கடை அந்தப் பக்கம்.

வர முடியாவிட்டால் காரணம் எழுதாதே, படிக்க மாட்டேன். அப்போதும் கர்த்தர் உன்னையும் உன் வீட்டையும் காப்பாராக. பிள்ளைகள் என்னைப் பற்றிக் கேட்டால், அத்தைக்குத் தைரியம் அதிகம் என்று கதை விடாதே. ரொம்பப் பயந்தாள், போனாள் என்று சொல்.

உன்மேல் கோபத்தோடும் உனக்காக ஜெபத்தோடும்,
அக்கா