மெல்லிசைக்கு முதல் பரிசு

சனிக்கிழமை, இரவு

களுவாஞ்சிக்குடியில் இண்டைக்கு இசைப் பரிசு விழா. கர்நாடக இசை, கூத்துப்பாட்டு, பக்திப்பாட்டு எல்லாத்துக்கும் சரியான ஆக்களுக்குத்தான் குடுத்தாங்க. மெல்லிசைக்கு மட்டும் என்னைக் கூப்பிட்டாங்க. போட்டி நடந்த அண்டு நான் சரணத்தை மறந்து நடுவில நிண்டவள். பிழையில்லாமப் பாடின றோசலினுக்கு ரெண்டாம் பரிசு.

கிண்ணத்தைத் தந்த நடுவர் என்ர முகத்தைப் பாக்கல்ல. "நாங்க குறை ஒண்டும் வைக்கல்ல எண்டு தம்பிக்குச் சொல்லுங்க மகள்" எண்டார். ஆயுதம் தூக்கி இயக்கத்துக்குப் போன என்ர தம்பியை நான் பிறகு கண்டதே இல்லை. அப்ப சபை கைதட்டினதும் அவனுக்குத்தானா?

வெளியில றோசலினிட்டக் கிண்ணத்தை நீட்டினன். அவள் கையைப் பின்னால கட்டிக்கொண்டாள்.

"வேணாம் அக்கா, என்னை மாட்டிவிடாதீங்க."

அவள் என்னோட ஒரே வகுப்பில படிச்சவள். இவ்வளவு காலமும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டவள்.